பிள்ளைகளைக் கூட்டிப்போவதா, ஆசிரியர்களை அனுப்புவதா, அவர்களை இங்கே வரவழைப்பதா?

வேறு நாட்டில் இருக்கும் எங்கள் தோழமைப் பள்ளிக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு முதல்முறை போனபோது, மூன்றாம் நாள் காலை ஒரு வகுப்பறையின் கடைசிப் பெஞ்சில் அந்த வகுப்பு ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் எங்கள் மாணவிகள் இருவர் ஆங்கிலப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பே கைதட்டிப் பாடியது. பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு நோட்டை விரித்துவைத்துப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகளாக அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தேர்வுக்கு முன்னால் தனக்கு மிச்சமிருக்கும் பீரியட்களை எண்ணி எழுதியிருந்தார். எங்களுக்குக் கொடுத்த பீரியட்களைத்தான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் பின்னக் கணக்கு நடத்தியிருக்க வேண்டும். நான் பார்ப்பது தெரிந்ததும் நோட்டை மூடிவிட்டு, "பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

அந்த நோட்டு எனக்கு மறக்கவே இல்லை. அதன் பிறகு இந்தப் பயணத்தை வேறு வேறு விதமாகத் திட்டமிட்டுப் பார்த்துவிட்டோம். முதல்முறை பயண ஏஜென்சி வழியாகப் போனது. அடுத்து பிள்ளைகள் இல்லாமல் ஆசிரியர்கள் மட்டும் போனோம், பிறகு நாங்களே ஏற்பாடு செய்து சிறு குழுவாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம், அப்புறம் அவர்களை இங்கே வரவழைத்தோம். நடுவில் ஓர் ஆண்டு பயணமே இல்லாமல் இணையத்தில் மட்டும் சேர்ந்து வேலை செய்தோம். இதே முடிவை எடுக்க இப்போது உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கென்று ஒரு சாய்வு இருக்கிறது. அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம். 20 மாணவர்கள், 3 ஆசிரியர்கள், 14 நாள் பயணம். போக வர 4 நாள். இறங்கியதும் தூக்கம் சரியாவதற்கு ஒரு நாள். சனி, ஞாயிறு 2 நாள். ஊர் பார்க்க ஒரு நாள். மிச்சம் 6. அதில் வரவேற்பு விழாவுக்கு அரை நாள், வழியனுப்பு விழாவுக்கு அரை நாள். ஆக, உருப்படியாகப் பள்ளிக்குள் இருப்பது 5 நாள். நாளைக்கு 5 மணி நேரம் என்றால் 25 மணி நேரம். இதற்கு 23 விமான டிக்கெட்.

அதே 25 மணி நேரத்தை வாரம் ஒரு மணி நேரம் என்று இணையத்தில் சந்தித்தால் 25 வாரத்தில், அதாவது ஒரே கல்வியாண்டுக்குள், டிக்கெட்டே இல்லாமல் அடைந்துவிடலாம். இரண்டு ஆசிரியர்கள் மட்டும் மூன்று வாரம் போனால், பயணமும் ஓய்வும் வார விடுமுறைகளும் போக 12 நாள் பள்ளியில் இருக்கலாம். டிக்கெட் இரண்டு. நேரில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கணக்கை யாருமே போடுவதில்லை. "எப்போது போகலாம்" என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. யார் போக வேண்டும், போகத்தான் வேண்டுமா என்பதெல்லாம் பிறகு கேட்க நேரமே இருப்பதில்லை.

ஏஜென்சி வழியாக ஒரு பெரிய குழு

பெரும்பாலான பள்ளிகள் இதில்தான் தொடங்குகின்றன, நாங்களும் அப்படித்தான். இதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வெளிநாட்டில் நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, எந்த வண்டியைக் கூப்பிடுவது என்பது அந்த ஊரில் வேலை செய்து பழகியவர்களுக்குத்தான் தெரியும். நல்ல ஏஜென்சிகளிடம் வண்டி, தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர், அவசர உதவி எண் எல்லாம் தயாராக இருக்கும். வெளிநாட்டுக் கல்விப் பயணங்களுக்கும் சாகசப் பயணங்களுக்கும் பிரிட்டனில் பிஎஸ் 8848 என்றொரு பாதுகாப்புத் தரமே இருக்கிறது. 2007-ல் வந்தது. எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர் என்பதிலிருந்து அந்த எண்ணை எடுத்தார்கள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஏஜென்சியிடம் "இந்த மாதிரி எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறீர்கள், வெளியாள் யாராவது வந்து தணிக்கை செய்தார்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

குறை எங்கே இருக்கிறது என்றால், நிகழ்ச்சி நிரல் நாம் கேட்பதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. சுவருக்கு வண்ணம் அடித்தல், பாட்டுச் சொல்லிக்கொடுத்தல், விளையாட்டு, பரிசு கொடுத்தல் எல்லாம் எந்தப் பள்ளிக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளைகள் பாட்டைத் தொடங்கியபோது அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. முந்தைய குழுவும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தது.

வண்ணம் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரஷ் பிடித்தே பழக்கமில்லாத 20 பேர் நான்கு நாளில் அடிக்கிற சுவரை, உள்ளூர்ப் பெயின்டர் இரண்டு பேர் அதைவிடச் சுத்தமாக அடித்துவிடுவார்கள், கூலியும் அந்த ஊரிலேயே தங்கும். பிள்ளைகளுக்குக் கை அழுக்காகி வேலை செய்கிற அனுபவம் வேண்டும் என்றால் அதற்கு நம் பள்ளிச் சுவரே இருக்கிறது. கடல் கடந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை அது இல்லை.

இன்னொன்றில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. சில பயணத் திட்டங்களில் பள்ளி வேலையோடு ஒரு மாலை நேரம் அநாதை இல்லத்துக்கும் கூட்டிப்போவதாக இருக்கும். அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் அந்த ஏஜென்சியே வேண்டாம். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் தரும் பணமே, வீட்டில் வளர வேண்டிய பிள்ளைகளை இல்லங்களுக்கு இழுத்து வருகிறது. கம்போடியாவிலிருந்து செயல்படும் ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் இல்லை என்று 2011-லேயே பிரச்சாரம் தொடங்கியது இதனால்தான். நம் பள்ளியில் முன்பின் தெரியாத 20 பேர் நுழைந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொண்டு போக நாம் விடுவோமா? அங்கேயும் அதே அளவுகோல்தான்.

இரண்டு ஆசிரியர்கள் மட்டும்

எல்லா வழிகளிலும் குறைந்த செலவில் நிறையக் கற்றுக்கொடுத்தது இதுதான். ஆனால் பெற்றோர்களிடம் விற்கக் கடினமான வழியும் இதுதான். "எங்கள் பிள்ளைக்கு இதில் என்ன?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

என்ன கிடைத்தது என்பதை ஓர் அலமாரியை வைத்துச் சொல்கிறேன். நானும் எங்கள் அறிவியல் ஆசிரியரும் மூன்று வாரம் போயிருந்தோம். அவர்களுடைய ஆய்வக அலமாரியில் அட்டைப்பெட்டியோடு நான்கு நுண்ணோக்கிகள் இருந்தன. எப்போதோ யாரோ நன்கொடையாக அனுப்பியவை. எல்லாமே உள்ளே பல்பு எரிகிற வகை. இரண்டில் பல்பு போய்விட்டது, அந்த அளவு பல்பு அங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் நன்றாகவே இருந்தன, ஆனால் வகுப்பு நடக்கிற நேரத்தில் பெரும்பாலும் மின்சாரம் இருக்காது. கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிக் காட்டுகிற பழைய வகை நுண்ணோக்கி இருந்திருந்தால் தினமும் பயன்படும். "வேறு என்ன வேண்டும்?" என்று நாங்கள் கேட்டபோது அவர்களுடைய அறிவியல் ஆசிரியர் முதலில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், தேநீர் இடைவேளையில், தானாகவே சொன்னார்: கண்ணாடி ஸ்லைடு ஒரு பெட்டி, அலமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று. பூட்டு இல்லாததால் பொருள்களை வெளியே வைக்கவே அவருக்குப் பயம்.

பூட்டு வாங்க வெளிநாட்டிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. வந்த விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. 20 பிள்ளைகளோடு போயிருந்தால் அந்தத் தேநீர் இடைவேளையே எனக்குக் கிடைத்திருக்காது. தலை எண்ணிக்கொண்டே பொழுது போயிருக்கும்.

ஆசிரியரோடு ஆசிரியர் உட்கார்ந்து பேசும்போது உதவுபவர், உதவி பெறுபவர் என்ற இடைவெளியும் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. அவர் வகுப்பில் 60 பிள்ளைகள். அத்தனை பேரையும் எப்படிக் கட்டி மேய்க்கிறார் என்று பார்த்து நாங்கள்தான் குறிப்பு எடுத்தோம். எங்களிடம் அவர் கேட்டது வினாத்தாள் அமைப்பது பற்றி. இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது.

குறை என்னவென்றால், போய் வந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டால் உறவும் அவரோடு போய்விடுகிறது. அதனால் ஒருவரை அனுப்பாதீர்கள், எப்போதும் இருவராக அனுப்புங்கள். அடுத்த முறை ஒரு பழையவர், ஒரு புதியவர்.

நாமே ஏற்பாடு செய்து சிறு குழுவாகப் போவது

ஆசிரியர்கள் ஒருமுறை போய்வந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அது வேறு பயணமாக இருக்கிறது. நாங்கள் 12 மாணவர்கள், 3 ஆசிரியர்கள் என்று போனோம். மூன்று என்பது குறைந்தபட்சம். ஒரு பிள்ளையோடு ஒருவர் மருத்துவமனையில் இருந்தாலும் மற்றவர்களோடு இரண்டு பேர் இருக்க வேண்டும். ஆண், பெண் இரு பாலரும் அதில் இருப்பது நல்லது.

பிள்ளைகளை வகுப்பெடுக்க நாங்கள் விடவில்லை. பயிற்சியே இல்லாத பதினாறு வயதுப் பிள்ளை நம் பள்ளியில் பாடம் நடத்த முடியாது என்றால் அங்கேயும் முடியாதுதான். அதற்குப் பதிலாக இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற வேலைகளாகத் தேடினோம். ஒன்று, நூலகப் புத்தகங்களைப் பிரித்து எண் போட்டு அடுக்குவது. இன்னொன்று, நிழல் அளப்பது.

நிழல் அளப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோழமைப் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது. 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்த அதே கணக்கு. கோடையின் நீண்ட பகல் நாளில் தெற்கே சையீன் நகரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று கிணற்றின் அடிவரைக்கும் வெளிச்சம் விழுந்தது. வடக்கே அலெக்சாந்திரியாவில் அதே நண்பகலில் வெயில் சுமார் 7.2 டிகிரி சாய்ந்து விழுந்தது. 7.2 என்பது 360-ல் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள தூரத்தை 50 மடங்காக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். வடக்கு தெற்காகத் தள்ளி இருக்கும் எந்த இரண்டு பள்ளியும் இதைச் செய்யலாம். ஒரே நாளில் இரண்டு பள்ளியிலும் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, அந்தந்த ஊர் நண்பகலில், அதாவது நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரத்தில், நீளத்தை அளந்து, அதிலிருந்து வெயிலின் சாய்வைக் கணக்கிட்டால் போதும். ஒரு பள்ளி மட்டும் தனியாக இருந்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அவர்கள் அனுப்பும் எண்ணுக்காக நம் பிள்ளைகள் காத்திருப்பார்கள், நம் எண்ணுக்காக அவர்கள். எங்கள் பிள்ளைகள் ஊரில் இருந்தபோது ஒருமுறை அளந்தார்கள், பிறகு அங்கே போய் அதே குச்சியை அந்தப் பிள்ளைகளோடு நின்று அளந்தார்கள். அங்கே நிழல் எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று பார்த்ததும் எங்கள் பையன் ஒருவன் தன் நோட்டைப் புரட்டி ஊரில் அளந்த எண்ணைக் காட்டினான். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இந்த வழியில் உழைப்பு மிக அதிகம். ஏஜென்சி செய்கிற எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் தன் சொந்த நேரத்தில் செய்ய வேண்டும், ஓர் ஆண்டுக்குக் குறையாமல். வண்டியின் சீட் பெல்ட் வரைக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் பள்ளியில் இல்லையென்றால் வண்டி, தங்குமிடம், மருத்துவ உதவி இவற்றை மட்டும் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்குள் நடப்பதை இரண்டு பள்ளிகளும் பேசி முடிவு செய்யலாம். இந்தக் கலப்பு வழியைப் பெரும்பாலான பள்ளிகளுக்கு நான் தயங்காமல் சொல்வேன்.

அவர்களுக்கு ஆகும் செலவையும் மறந்துவிடக் கூடாது. 15 பேர் கூடுதலாக வந்தால் குடிநீர், கழிப்பறை, மதிய உணவு, விழா மேடை, மொழிபெயர்க்க ஓர் ஆசிரியர் என்று எல்லாமே அந்தப் பள்ளியின் கணக்கில் ஏறும். அவர்கள் கேட்க மாட்டார்கள். போவதற்கு முன்பே கேட்டு, எழுதி, அனுப்பிவிடுங்கள்.

அவர்களை இங்கே அழைப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. யோசித்தாலும் செலவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பணத்தைவிடப் பெரிய தடை விசாதான். நமக்கு எளிதாகக் கிடைக்கிற விசா அவர்களுக்கு அப்படிக் கிடைக்காமல் போகலாம். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், நேர்காணல், திரும்பிப் போவார்கள் என்பதற்கான சான்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் மறுத்தும் விடலாம். அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும். விசா கிடைப்பது உறுதியாகும் வரை பிள்ளைகளிடம் தேதி சொல்லாதீர்கள்.

எங்களுக்கு முதல்முறை இரண்டு ஆசிரியர்கள் வர முடிந்தது. அதில் ஒருவர் கணக்கு ஆசிரியை. ஒரு கயிற்றில் சம இடைவெளியில் 12 முடிச்சுப் போட்டு, வளையமாகக் கட்டி, மூன்று பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னார். 3, 4, 5 என்ற இடைவெளியில் நிற்க வைத்து இழுத்ததும் செங்கோண முக்கோணம் வந்து நின்றது. புரொஜெக்டரை நம்பியே பாடம் நடத்தும் எங்கள் ஆசிரியர்கள் அந்தக் கயிற்றை அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பாவம், ஏழைப் பள்ளி" என்ற எண்ணம் எங்கள் பிள்ளைகளிடமிருந்து அந்த ஒரு பீரியடில் போனது. நான் அதுவரை எத்தனையோ முறை அதைச் சொற்பொழிவாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

பயணமே இல்லாமல்

பள்ளிகள் தூரத்தில் இருந்தபடியே சேர்ந்து வேலை செய்வது புதிதில்லை. ஐஎர்ன் என்ற அமைப்பு, 1988-ல் நியூயார்க் மாநிலத்துப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியாக இணைத்துப் பார்த்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. ஐரோப்பாவில் பள்ளிகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் இடிவின்னிங் என்ற திட்டம் 2005-ல் தொடங்கியது. நடைமுறையில் நேரம்தான் இடிக்கும். 5 மணி நேர வித்தியாசம் இருந்தால் இரண்டு பள்ளியும் ஒரே சமயத்தில் திறந்திருப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். நேரலை வேண்டாம் என்று விட்டுவிட்டு, பதிவு செய்து அனுப்புகிற குரல் செய்திகள், படங்கள், எண்கள் என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு ஒழுங்காக ஓடியது. அவர்களுக்கு ஆகும் டேட்டா செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பயணத்துக்கு ஆகும் பணத்தை அப்படியே அனுப்பிவிடலாமே? உதவி மட்டுமே நோக்கம் என்றால், ஆமாம், அனுப்பிவிடுவதுதான் சரி. பிள்ளைகள் போவது அவர்கள் கற்றுக்கொள்வதற்காக. அதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். எத்தனை பேர் போனாலும் ஒரு டிக்கெட்டின் விலை அந்தப் பள்ளி தானே எழுதித் தரும் பட்டியலுக்குப் போக வேண்டும், பயணத்துக்கு முன்பே. போய் இறங்கிக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்காக இல்லை.

எந்த மாதம் போவது

நம் விடுமுறையில் போகலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நேபாளத்தில் கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது, கென்யாவில் வழக்கமாக ஜனவரியில். நம் விடுமுறை அவர்களுக்குத் தேர்வுக் காலமாக இருக்கலாம், மழைக்காலமாக இருக்கலாம், அவர்களுக்கும் விடுமுறையாகவே இருக்கலாம். அவர்களுடைய நாட்காட்டியை வாங்கி, "வரவே கூடாத வாரங்களை முதலில் அடித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். "எப்போது வரலாம்?" என்று கேட்டால் மரியாதைக்காக "எப்போது வேண்டுமானாலும்" என்பார்கள். எங்களுக்கு அந்தப் பதில்தான் வந்தது, அதை நம்பித்தான் தேர்வுக்கு முன்னால் போய் நின்றோம்.

மருத்துவ வேலைகளைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016-லிருந்து அது வாழ்நாள் முழுக்கச் செல்லும். டைஃபாய்டு ஊசியை இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். மலேரியா மாத்திரைகளில் சிலவற்றைத் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், இதைத்தான் பெற்றோர் மறப்பார்கள். நாய், குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். நாய்க்குட்டியைக் கொஞ்சக் கூடாது என்றும் சேர்த்து. காப்பீட்டில், உடம்பு முடியாதவரை விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கையில் வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் வேலை செய்வதைச் சில நாடுகள் சம்பளமே இல்லையென்றாலும் அனுமதிப்பதில்லை. "எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படம் எடுப்பது பற்றி எங்கள் பிள்ளைகளோடு நிறையச் சண்டை போட்டேன். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 16-ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்க உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமை அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். கடைசியில் குழுவுக்கு ஒரே கேமரா, அதுவும் அவர்கள் பள்ளி மாணவர் கையில், எந்தப் படம் வெளியே போகலாம் என்பதை அவர்கள் தலைமை ஆசிரியர் முடிவு செய்வது என்று வைத்தோம். அப்படி வந்த படங்களில் முதல்முறையாக எங்கள் பிள்ளைகளும் வேலை செய்கிற மாதிரி இருந்தார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் பள்ளிக்கு இன்னும் தோழமைப் பள்ளியே இல்லை, இப்போதுதான் தேடுகிறீர்கள் என்றால் இந்த ஆண்டு பயணம் வேண்டாம். இணையத்தில் ஒரு பாடத்தைச் சேர்ந்து நடத்திப் பாருங்கள். பதில் கடிதங்கள் ஒழுங்காக வருகின்றனவா, நாமும் ஒழுங்காக எழுதுகிறோமா என்பது அதில் தெரிந்துவிடும். உறவு இருக்கிறது, ஆனால் யாரும் நேரில் பார்த்ததில்லை என்றால் இரண்டு ஆசிரியர்கள் போகட்டும். அவர்கள் போய்வந்த பிறகு சிறு குழு. அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ அவர்கள் தரப்பிலிருந்து இங்கே வருவதற்கும் பணம் ஒதுக்க முடிந்தால்தான் மாணவர் பயணத்தைத் தொடங்குவேன். அதற்கு முடியாதென்றால் பயணக் குழுவை 12-லிருந்து 8 ஆக்கிவிட்டு மிச்சத்தை அதற்கு எடுத்து வைப்பேன்.

ஒரே ஒருமுறைதான் போக முடியும், பிறகு தொடர்பு இருக்காது என்று முன்பே தெரிந்தால் அதைக் கல்விச் சுற்றுலா என்றே சொல்லிக் கூட்டிப்போங்கள். அருங்காட்சியகம், மலை, கடல் எல்லாம் பார்க்கட்டும். அதில் ஒரு தவறும் இல்லை. உதவி என்ற பெயரில் யாருடைய வகுப்பறைக்குள்ளும் போகாமல் இருந்தால் போதும்.

நாங்கள் இந்த முறை கடிதம் எழுதும்போது எந்தத் தேதியும் குறிப்பிடவில்லை. நாட்காட்டியின் வெற்றுத் தாளை மட்டும் அனுப்பினோம். அது திரும்பி வந்தபோது 12 மாதத்தில் 7 மாதம் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்த மாதங்களில் ஒன்றில் இரண்டு வாரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் அந்தக் கணக்கு ஆசிரியை எழுதியிருந்தார்: "பின்னம் முடிந்திருக்கும். குச்சியைக் கொண்டுவாருங்கள்."